வீட்டு இணையத்தைத் தோட்டத்துக் கொட்டகை வரை கொண்டுபோவது: பெங்களூரு ஓரத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவின் தெற்கு ஓரத்தில், ஆனேக்கல்லிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் நிலம். சாலையை ஒட்டி வீடு. மறுகோடியில் முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகைக்குச் சுவரெழுப்பி, அத்தை தையல் கூடமாக மாற்றியிருக்கிறார். ஆறு தையல் மெஷின், ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். டிசைன் ஃபைல் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் அத்தை மாமரத்தடி வரை நடந்து வந்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்த வட்டம் சுற்றி முடியும்வரை நிற்பார். மழை நாளில் முந்தானையால் போனை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று இறங்கினேன்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே 140 மீட்டர். அதைக் கடக்க எனக்கு மூன்று முயற்சி ஆனது. முதலில் காற்று வழியாக, அப்புறம் செம்புக் கம்பி, கடைசியில் ஃபைபர். முதல் இரண்டிலும் போன பணமும் உழைப்பும் உங்களுக்குப் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே குழி தோண்ட இடமிருந்தால், ஃபைபர் போடுங்கள். ஐம்பது மீட்டராக இருந்தாலும் ஃபைபரே போடுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அளவு

கடைக்குப் போவதற்கு முன் அளவெடுங்கள். கூகுள் மேப்பில் நேர்க்கோட்டுத் தூரம் பார்க்கலாம். ஆனால் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. கிணற்றைச் சுற்றும், தொட்டியைச் சுற்றும், சுவரேறி இறங்கும். நான் ஒரு நைலான் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கேபிள் போகப்போகும் வழியிலேயே இழுத்துப் பார்த்தேன். மேப்பில் 140 காட்டிய தூரம், நடை வழியில் 158 ஆனது. அதோடு இரண்டு முனையிலும் ஐந்தைந்து மீட்டர் சுருள் விட வேண்டும். பிற்காலத்தில் ஒரு முனை அறுந்தால் வெட்டி மறுபடி ஒட்ட அந்தச் சுருள்தான் கைகொடுக்கும். ஆக, 170 மீட்டர் என்று முடிவு செய்தேன்.

அளக்கும்போதே ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, மோட்டாருக்குப் போகும் கரன்ட் கேபிள் எங்கே, டிராக்டர் எந்த வழியாகத் திரும்புகிறது, எந்த மரத்தின் வேர் எங்கே பருத்திருக்கிறது. நடுவில் பொதுச் சாலையோ அடுத்தவர் நிலமோ இருக்கிறதா என்பதும் முக்கியம். இருந்தால் அந்தக் கதை வேறு, கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிடத்துக்குத் தனி இணைப்பே வாங்கினால் என்ன? சாலையோரமாக இருந்து, ஃபைபர் அங்கே வருமென்றால் அதுவும் நல்ல வழிதான். 2023-லிருந்து ஜியோவும் ஏர்டெலும் 5ஜி சிக்னலை வைத்து வீட்டு இணைப்பு தருகின்றன. வாடகைக்கு விட்டிருக்கும் தனி வீடு என்றால் தனி இணைப்பே சரி. ஆனால் கொட்டகைக் கேமராவை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், ஒரே பிரிண்டரை இரண்டு இடத்திலும் பயன்படுத்த வேண்டும், மாதாமாதம் இன்னொரு பில் வேண்டாம் என்றால், இருப்பதை நீட்டுவதுதான் வழி.

எது எதுவரை போகும்

கடையில் முதலில் காட்டுவது வைஃபை எக்ஸ்டெண்டர். பக்கத்து அறைக்கு அது போதும். ரூட்டரிடமிருந்து வாங்குவதற்கும் போனுக்குக் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் மலிவு வகைகளில் வேகம் பாதியாகிவிடும். சிமென்ட் சுவர் தாண்டி, தோட்டம் தாண்டி 140 மீட்டருக்கு அது ஆகாது.

கரன்ட் ஒயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. ஒரே கரன்ட் மீட்டருக்குள், ஒரே ஃபேஸில் இருந்தால் ஓரளவு வேலை செய்யும். எங்கள் கொட்டகைக்கு பெஸ்காம் (மின்சாரக் கம்பெனி) மீட்டரே தனி. அதனால் அதைத் தொடவில்லை.

அடுத்தது செம்புக் கம்பியாலான ஈதர்நெட் கேபிள், கேட்-6 வகை. இதற்கு ஒரு கறாரான எல்லை உண்டு: ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர். அதிலும் 90 மீட்டர் நிலையான கேபிள், மீதி 10 மீட்டர் இரண்டு பக்கத்து பேட்ச் கார்டுகள் (கருவியோடு இணைக்கும் சின்னக் கேபிள்கள்) என்பதுதான் தரநிலைக் கணக்கு. கேட்-6 பெட்டி 305 மீட்டர் சுருளாக வருவதைப் பார்த்து, முழுவதையும் ஒரே ஓட்டமாக இழுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 100 மீட்டர் தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் (சிக்னலை வாங்கிப் புதிதாக அனுப்பும் பெட்டி) வைக்க வேண்டும். அந்த ஸ்விட்ச்சுக்குக் கரன்ட் வேண்டும். வெயிலிலும் மழையிலும் அது பிழைத்திருக்க வேண்டும்.

என் இரண்டாவது முயற்சி அதுதான். பம்ப் அறையில் ஒரு ஸ்விட்ச் வைத்து இரண்டு துண்டாகக் கேட்-6 இழுத்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கோடை இடி. மின்னல் எங்கள் நிலத்தில் விழவில்லை. ஏரிப் பக்கம் எங்கோ விழுந்தது. ஆனாலும் பம்ப் அறை ஸ்விட்ச், கொட்டகை ரூட்டர், வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் ஒரு போர்ட், மூன்றும் ஒரே நொடியில் போய்விட்டன. எம்பிராய்டரி மெஷினின் கம்ப்யூட்டரை அத்தை அன்று மதியமே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார். அதனால் அது மட்டும் தப்பியது.

காரணம் இதுதான். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனித்தனி எர்த் இருக்கிறது. சாதாரண நாளில் இரண்டு எர்த்துக்கும் வித்தியாசம் அதிகமில்லை. பக்கத்தில் மின்னல் இறங்கும்போது அந்த மின்சாரம் மண்ணில் பரவும். ஒரு கணத்துக்கு ஒரு கட்டிடத்தின் மண்ணுக்கும் இன்னொன்றின் மண்ணுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். நடுவில் நீளமாகச் செம்புக் கம்பி கிடந்தால் அந்த வித்தியாசம் அதன் வழியாகத்தான் ஓடப் பார்க்கும். வழியில் இருக்கும் போர்ட் எல்லாம் கருகும். சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டு நல்ல எர்த்தும் கொடுத்தால் ஆபத்து குறையும், முழுசாகப் போகாது. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் மாலை இடி எவ்வளவு வழக்கம் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் கண்ணாடி. அதில் மின்சாரம் ஓடாது. ஒளி மட்டும்தான் ஓடும்.

விலையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். நான்கு கோர் (உள்ளே நான்கு கண்ணாடி இழை) ஃபைபர் கேபிள், நல்ல செம்புக் கேட்-6 கேபிளைவிட எனக்கு மீட்டர் கணக்கில் குறைவாகவே வந்தது. தூரமும் ஒரு பொருட்டில்லை. சிங்கிள் மோட் ஃபைபரில் (தொலைதூரத்துக்கான இழை வகை) 1310 நானோமீட்டர் அலைநீள ஒளி ஒரு கிலோமீட்டர் போனாலே சுமார் 0.35 டெசிபல்தான் (இழப்பை அளக்கும் அலகு) குறையும். உங்கள் 150 மீட்டரெல்லாம் அதற்கு ஒரு எட்டு வைப்பது மாதிரி.

எஸ்.பி. ரோட்டில் என்ன வாங்குவது

சாமான் வாங்க, பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோடு போனேன். பொம்மசந்திராவில் மஞ்சள் தட மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அங்கே தமிழிலேயே கேட்டு வாங்கலாம், கவலை இல்லை. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து போங்கள்.

கேபிள்: சிங்கிள் மோட், வெளிப்புற வகை, நான்கு கோர். உங்களுக்கு ஒரு கோர்தான் தேவை. மீதி மூன்றும் சேமிப்பு. விலை வித்தியாசம் சொற்பம், மறுபடி குழி தோண்டும் கூலி சொற்பமல்ல. கேபிளுக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எலிக்காக இரும்புக் கவசம் போட்ட கேபிள் வருகிறது. தொங்கவிடும் டிராப் கேபிளில் ஓரமாக ஒரு இரும்புக் கம்பி வரும். எந்த மின்னலுக்குப் பயந்து ஃபைபருக்கு வந்தோமோ, அதற்கே அந்த இரும்பு மறுபடி வழிகாட்டும். இரும்பே இல்லாத கேபிளை வாங்கிக் குழாய்க்குள் போடுவது நல்லது. கவச கேபிள்தான் கிடைத்தது என்றால், கட்டிடத்துக்குள் நுழையும் முன்பே அந்த இரும்பை வெட்டி நிறுத்திவிடுங்கள்.

மீடியா கன்வர்ட்டர்: ஈதர்நெட்டை ஒளியாகவும் ஒளியை ஈதர்நெட்டாகவும் மாற்றும் சின்னப் பெட்டி. இரண்டு வேண்டும். இங்கேதான் பலர் தவறுவது. ஒரே இழையில் போகவும் வரவும் செய்ய, ஒரு பெட்டி 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-ல் வாங்கும். மற்றது 1550-ல் அனுப்பி 1310-ல் வாங்கும். ஆகவே ஏ ஒன்று, பி ஒன்று என்று ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டும் ஏ வாங்கி வந்தால் விளக்கு எரியவே எரியாது. பெட்டியின் மேல் 10/100/1000 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 10/100 என்றால் எப்படி முயன்றாலும் 100 எம்பிபிஎஸ் தாண்டாது.

கனெக்டரின் நிறம்: வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் பச்சை நிற முனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்திருக்கும். மீடியா கன்வர்ட்டரில் பெரும்பாலும் நீலம். அது சாய்வில்லாத முகம். பச்சையை நீலத்தில் சொருகினால் இரண்டு முகமும் சரியாகப் பொருந்தாது, ஒளி வீணாகும், முகமும் கெடும். நீலத்துக்கு நீலம். அவ்வளவுதான்.

இவற்றோடு கேபிள் முனையை முடிக்க இரண்டு சின்ன டெர்மினேஷன் பெட்டி, நீல முனை பிக்டெயில்கள் (ஒரு பக்கம் மட்டும் கனெக்டர் உள்ள சின்ன இழைத் துண்டுகள்), இரண்டு பேட்ச் கார்டு, கொட்டகைக்கு ஒரு ரூட்டர். கட்டிடத்துக்குள் ஓடும் சின்னத் துண்டுகளுக்குக் கேட்-6 தேவைப்படும். அதை வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசிய கேபிளும் அதே நிறத்தில் இருக்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வாங்காதீர்கள்.

ஸ்ப்ளைசிங், அதாவது இழைகளை உருக்கி ஒட்டும் வேலைக்கு ஆள் கிடைக்காத இடமென்றால், இரண்டு முனையிலும் கனெக்டர் பொருத்தியே விற்கும் கேபிள் 100, 150, 200 மீட்டர் அளவில் கிடைக்கிறது. மிச்சத்தைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கனெக்டர் நுழையும் அளவுக்குக் குழாய் பெரிதாக இருக்க வேண்டும், இழுக்கும்போது அந்த முனை அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழி

உண்மையான வேலை இதுதான். மற்றதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எங்கள் பக்கம் செம்மண். மார்ச்சில் கடப்பாரை போட்டால் நெருப்புப் பறக்கும். முதல் மழை பெய்து இரண்டு நாள் கழித்துத் தோண்டினால் அதே மண் வெண்ணெய் மாதிரி வரும். இரண்டு ஆட்கள், இரண்டு நாள். ஆழம் ஒன்றரை அடி. டிராக்டர் போகும் இடத்தில் இரண்டு அடி. கரன்ட் கேபிள் ஓடும் குழியிலேயே இதையும் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். வேண்டாம் என்று ஒரு அடி தள்ளித் தனியாகத் தோண்டச் சொன்னேன். ஃபைபருக்குக் கரன்ட்டால் ஒன்றும் ஆகாது. நாளைக்கு ஃபைபரைப் பழுது பார்க்க மண்வெட்டி போடுகிறவருக்குத்தான் ஆகும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்செங்குத்தாகக் கடங்கள்.

குழாய்க்கு 32 மில்லிமீட்டர் கறுப்பு எச்டிபிஇ பைப் வாங்கினேன். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் சுருளாகவே கிடைக்கும், நடுவில் மூட்டு இருக்காது. மூட்டு இல்லை என்றால் தண்ணீர் நுழையும் இடமும் இல்லை. திருப்பங்களில் தண்ணீர்க் குழாய்க்கான எல்போ போடாதீர்கள். அந்தக் கூர்மையான வளைவில் கேபிள் சிக்கும், இழுத்தால் உள்ளே இழை நொறுங்கும். பைப்பையே பெரிய வட்டமாக வளைத்துத் திருப்புங்கள். இழுக்கும்போது கேபிளின் வளைவு அதன் தடிமனைப் போல 20 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது நல்ல கணக்கு.

குழியின் அடியில் கல் இல்லாமல் நான்கு விரல் மண் அல்லது மணல், அதன் மேல் பைப், மறுபடி மெல்லிய மண், அரை அடி மூடியதும் எச்சரிக்கை டேப். அந்த மஞ்சள் டேப்பை விடாதீர்கள். மண்வெட்டி பைப்பைத் தொடும் முன் டேப்பைத் தொடும். பைப்பை மண்ணில் புதைக்கும் முன்பே உள்ளே நைலான் கயிறு கோத்துவிட்டால் வேலை சுலபம். மறந்துபோய் மூடிவிட்டீர்களா? ஒரு பாலித்தீன் பையின் மூலையை மெல்லிய நூலில் கட்டி ஒரு முனையில் நுழைத்து, மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சுங்கள். 158 மீட்டரையும் அந்தப் பை ஒரு நிமிடத்தில் கடந்து வந்தது. தையல் கூடத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அந்த நூலில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

கேபிளை இழுக்கும்போது வெளித் தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோலைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே மஞ்சள் நூல்கள் இருக்கும். பலத்துக்காகத்தான் அவை இருக்கின்றன. அவற்றைக் கயிற்றோடு முடிந்து, ஒருவர் இந்தப் பக்கம் ஊட்ட, மற்றவர் அந்தப் பக்கம் நிதானமாக இழுக்க வேண்டும். கனத்தால் நிறுத்துங்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். முடிந்ததும் இன்னொரு கயிற்றைக் குழாயிலேயே விட்டுவையுங்கள், பின்னால் ஏதாவது இழுக்க உதவும்.

பைப்பின் இரண்டு வாயையும் அடைக்க மறக்க வேண்டாம். பெருச்சாளி, எறும்பு, மழைத் தண்ணீர் மூன்றுக்கும் அதுதான் வாசல். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி உள்ளே விடுங்கள். வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

ஒட்டு

ஸ்ப்ளைசிங் மெஷின் விலைகொடுத்து வாங்கும் சாமான் இல்லை. உங்கள் பகுதியில் வீடுகளுக்கு ஃபைபர் இழுக்கும் பையன்களிடம் கேளுங்கள். ஒட்டுக்கு இவ்வளவு என்று வந்து செய்துதருவார்கள். எங்களுக்கு வந்த தம்பி ஹொசூரிலிருந்து பைக்கில் வந்தான். அவன் செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

கேபிள் தோலை உரித்து, வண்ணப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் மிஞ்சும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தபோது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "அந்தச் சத்தம் வந்தாத்தான் சார் சுத்தம்" என்றான். க்ளீவரில் வைத்து முனையை வெட்டினான். இரண்டு முனைகளையும் மெஷினில் வைத்து மூடியதும் திரையில் இரண்டு தடித்த தூண்கள் எதிரெதிரே தெரிந்தன. அவை தாமாகவே நகர்ந்து ஒரே கோட்டுக்கு வந்தன. ஒரு நீலப் பொறி. தூண் ஒன்றாகிவிட்டது. திரையில் 0.02 டெசிபல் என்று காட்டியது. ஒட்டின் மேல் ஒரு சின்னக் குழலைத் தள்ளி, சூடேற்றி இறுக்கினான். மொத்தம் ஐந்து நிமிடம்.

நறுக்கிய இழைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடினான். இது விளையாட்டில்லை. தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். குழந்தைகள் தவழும் அறையில் இந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. இழையில் ஒளி கடந்து வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் சிவப்பு லேசர் பேனாவை ஒரு முனையில் வைத்து, மறுமுனையை ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடியுங்கள். தாளில் சிவப்புப் புள்ளி விழும்.

நான்கு கோரில் இரண்டை ஒட்டச் சொல்லுங்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று மாற்றுக்கு.

இணைப்பும் அமைப்பும்

வீட்டு ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு பேட்ச் கார்டு மீடியா கன்வர்ட்டருக்கு. அதிலிருந்து ஃபைபர். கொட்டகையில் ஃபைபர் மற்ற கன்வர்ட்டருக்கு, அதிலிருந்து பேட்ச் கார்டு கொட்டகை ரூட்டருக்கு. கரன்ட் கொடுத்ததும் இரண்டு பெட்டியிலும் ஃபைபர் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் முதலில் கனெக்டரின் முகத்தைத் துடையுங்கள். பெரும்பாலும் தூசிதான். அதற்கும் எரியவில்லை என்றால் ஏ-பி ஜோடியைச் சரிபாருங்கள்.

கொட்டகை ரூட்டரை அப்படியே சொருகிவிட்டால் இணையம் வரும், ஆனால் அது தனக்கென்று ஒரு தனி வலையமைப்பை உருவாக்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து கொட்டகைக் கேமராவும் பிரிண்டரும் தெரியாது. அதை ஆக்சஸ் பாயிண்ட்டாக (வீட்டு வலையமைப்பையே வைஃபையாகத் தரும் பெட்டியாக) மாற்ற வேண்டும். அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம். வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். கொட்டகை ரூட்டரை முதலில் ஒரு லேப்டாப்போடு தனியாக இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். வீட்டு ரூட்டர் வழங்கும் முகவரிப் பட்டியலில் இந்த 2 வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து கொட்டகை ரூட்டரின் டிஎச்சிபியை அணையுங்கள். ஒரே வலையமைப்பில் முகவரி வழங்குபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். கடைசியாக, கன்வர்ட்டரிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் (வெளி இணையத்துக்கான துளை) இல்லாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள்.

வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். நடந்து போகும்போது போன் தானே மாறிக்கொள்ளும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சேனலை மட்டும் வீட்டில் 1, கொட்டகையில் 6 என்று பிரித்துவிடுங்கள்.

சோதனைக்கு, கொட்டகையில் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து 192.168.1.1-க்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் கட்டளை) போடுங்கள். ஒரு மில்லிசெகண்டு அளவில் நிலையாக வர வேண்டும், நூறில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. வேகம் சரியாக 95-ஐ ஒட்டியே நின்றால், எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் பேசுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பேட்ச் கார்டில் எட்டு ஒயரில் ஒன்று அறுந்திருக்கும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

கரன்ட் போனால்? இரண்டு முனையிலும் ரூட்டர், கன்வர்ட்டர் இரண்டுக்கும் மினி யுபிஎஸ் வைக்க வேண்டும். ரூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், கன்வர்ட்டர் 5 வோல்ட். இரண்டும் தரும் யுபிஎஸ் இருக்கிறது. பின் மாறாமல் இருக்க ஒயரில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். 12 வோல்ட் பின் 5 வோல்ட் பெட்டிக்குப் போனால் பெட்டி திரும்ப வராது.

குழி தோண்ட முடியாதவர்களுக்கு

நடுவே சிமென்ட் தளம், பாறை, அல்லது தோண்ட அனுமதிக்காத சொந்தக்காரர் என்றால் வயர்லெஸ் பிரிட்ஜ்தான் வழி. இரண்டு மாடியிலும் ஒன்றை ஒன்று பார்க்கும் ஆன்டெனா. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கு 2018-லிருந்து இந்தியாவில் உரிமம் தேவையில்லை. டிபி-லிங்க், யுபிக்விட்டி, மைக்ரோடிக் மூன்றிலும் இதற்கான கருவிகள் இருக்கின்றன. 200 மீட்டரெல்லாம் இவற்றுக்குச் சுலபம்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்து நான் ஏமாந்தேன். ரேடியோ அலை ஒரு கயிறு மாதிரிப் போவதில்லை, நடுவில் பருத்த கதிர் மாதிரிப் போகிறது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 200 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் அந்தப் பருமனின் ஆரம் சுமார் 1.6 மீட்டர். அதில் குறைந்தது அறுபது சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். பிப்ரவரியில், என் முதல் முயற்சியாக இதை நான் பொருத்தியபோது மாமரக் கிளைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி இருந்தது, அருமையாக ஓடியது. மழைக்காலத்தில் மரம் தளிர்விட்டு எழும்பியது. ஈர இலை இந்த அலையை நன்றாக உறிஞ்சும். மழை வந்தால் இணைப்புப் போகும், வெயில் வந்தால் திரும்பும். மரத்தை வெட்டலாம் என்றேன். "மாமா வச்ச மரம்ப்பா, வயர வேற வழியா கொண்டா" என்றார் அத்தை. அவர் சொன்னதுதான் சரி.

ஆகவே மரத்தைவிட இரண்டு மீட்டர் உயரமாகக் கம்பம் நடுங்கள். அடுத்த ஐந்து வருட வளர்ச்சியையும் கணக்கில் வையுங்கள். ஒரு முனையை ஆக்சஸ் பாயிண்ட் (கொடுக்கும் பக்கம்), மறுமுனையை ஸ்டேஷன் (வாங்கும் பக்கம்) என்று பிரிட்ஜ் முறையில் அமையுங்கள். மாடியில் ஏற்றும் முன் இரண்டையும் வரவேற்பறையில் ஒன்றுக்கொன்று பேசவைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பல ஆன்டெனாக்கள் 24 வோல்ட் கரன்ட்டை ஈதர்நெட் கேபிள் வழியாகவே எடுப்பவை. கூட வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள், 48 வோல்ட் ஸ்விட்ச்சோடு இணைக்காதீர்கள். இரும்புக் கம்பத்துக்கு எர்த் கட்டாயம்.

வேலிக்கு வெளியே

உங்கள் நிலத்துக்குள் எதைப் புதைத்தாலும் அது உங்கள் விருப்பம். பொதுச் சாலையைக் குறுக்கே வெட்டவோ மேலே கேபிள் கட்டவோ உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். பெஸ்காம் கம்பத்தில் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுமதி பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்க, உயிர் போகும் வேலை அது.

பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து மாதம் ஏதோ வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வரும். காசு வாங்கி இணையம் கொடுக்க உரிமம் வேண்டும். காசு வாங்காவிட்டாலும், அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் முதலில் வரும். அத்தையின் கூடத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு வைஃபை தனிப் பெயரில், தனிக் கடவுச்சொல்லோடு கொடுத்திருக்கிறோம். ஆக்சஸ் பாயிண்ட்டாக ஓடும் சில ரூட்டர்களில் கெஸ்ட் வைஃபை என்று போட்டாலும் வீட்டுக் கருவிகள் அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு போனை வைத்து நீங்களே சோதித்துவிடுங்கள்.

முதலில் வரைந்தீர்களே, அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். பைப் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில், எங்கே திரும்புகிறது என்று அளவு போட்டு, கொட்டகைப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் போர்வெல் போட ஆள் வந்தபோது அத்தை கதவைத் திறந்து அதைக் காட்டி, வண்டியை நான்கு அடி தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.